சூடத்தின் மேல் விழுந்த பழி

லீலாவதிக்கு நிச்சயமான மாப்பிள்ளை உமாபதி, பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்தில் விமானம் பழுதுபார்க்கிறவன். நிச்சயம் முடிந்த கையோடு அவன் பெண்ணுக்கு அனுப்பிய முதல் பரிசு சேலையும் இல்லை, சென்ட்டும் இல்லை, ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் போர் விமானம் ஒன்று துண்டு துண்டாகக் கிடந்தது. அதைப் பார்த்து, ரப்பர் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான அவள் லயமே கூடிச் சிரித்தது. சிரித்தவர்கள் வாயை மூடும்படி அந்தத் துண்டுகளை லீலாவதி விமானமாக்கியும் விட்டாள்.

இன்று ஆயுத பூஜை. உமாபதியும் அவன் அம்மா அன்னம்மாவும் ரவாங்கிலிருந்து கல்யாண நாள் குறிக்க வருகிறார்கள். விமானத்தை அவர்கள் கையில் கொடுத்தாக வேண்டும்.

கொடுக்கிற நிலையில்தான் அது இல்லை.

பொழுது விடிகிற நேரத்தில் லீலாவதி தோட்டத்துப் புகைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மூங்கில் கழிகளில் ரப்பர் சீட்டுகள் புகையில் காய்வதற்காக வரிசையாகத் தொங்கின. அடுப்பின் சூடு மேலே வருகிற துவாரத்துக்குப் பக்கத்துப் பலகையில், நேற்றுச் சாயங்காலம் அவள் வைத்துவிட்டுப் போன விமானம் இருந்தது. கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். வர்ணம் கொஞ்சமும் ஒட்டவில்லை, அருமையாகக் காய்ந்திருந்தது. அந்தச் சந்தோஷம் இறக்கையைப் பார்க்கிற வரைக்கும்தான். இடது இறக்கை, நெருப்பில் வாட்டிய வாழையிலை மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கேயே குந்திவிட்டாள்.

எல்லாம் அந்த நட்சத்திரத்தால் வந்த வினை. பெட்டியில் வந்த ஒட்டுச் சின்னங்கள் வேறு ஏதோ நாட்டினுடையவை. நம் நாட்டு விமானத்தில் நம் நாட்டுக் கொடி நட்சத்திரம்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக, பதினான்கு முனையையும் நூல் போன்ற பிரஷ்ஷால் அவளே எழுதினாள். ரவாங் பேக்டரியில் மைக்ராஸ்கோப்பின் கீழே மயிரிழைக் கம்பிகளைப் பொருத்துகிற கை அது, நடுங்காது. எழுதி முடித்த அன்று பிடித்த மழை, பிறகு விடவே இல்லை. வர்ணம் பிசுபிசுவென்று அப்படியே இருந்தது.

மழைக்காலத்தில் காயாத எதையும் புகைக்கூடத்தில் கொண்டுபோய் வைப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் பழக்கம். பள்ளிக்கூடச் சட்டை, சப்பாத்து, போர்வை, எதுவானாலும் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். விமானத்தையும் அவள் அந்த வரிசையில் சேர்த்துவிட்டாள்.

புகைக்கூடத்துக் கார்த்திகேசு மாமா சொல்லத்தான் செய்தார். "அந்த ஓரமா வெய்யி புள்ள. ஓட்டைக்குக் கிட்டப் போயிறாத, பிளாஸ்டிக் சாமானம்."

அவள் தலையாட்டினாள். மாமா டீ குடிக்கப் போன பிறகு, சீக்கிரம் காயட்டுமே என்று, தானே பலகையைத் துவாரத்துக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாள். யார் மேல் பழி போடுவது? தள்ளியது இவள் கைதான்.

இப்போது இறக்கையை மெல்ல நிமிர்த்திப் பார்த்தாள். உள்ளே ஏதோ 'கிறிச்' என்றது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். விமானத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் சாமிப் பலகைக்குக் கீழே பூஜைக்கான சாமான்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. அம்மா நல்லம்மாளின் பால்வெட்டும் உளி, கழுவிக் கவிழ்த்த வாளி, அப்பா ஐயாவுவின் லோரிச் சாவி, பேக்டரியில் லீலாவதி கம்பி பிடிக்கிற பழைய டுவீசர். பக்கத்தில் பொரி, கடலை, அவல், ஒரு சீப்பு வாழைப்பழம்.

"விடிஞ்சும் விடியாம எங்கடி போன?" என்று அடுப்படியிலிருந்து நல்லம்மாள் கேட்டாள்.

"பூப் பறிக்க."

"பூவு இங்கல்ல இருக்கு?"

லீலாவதி துண்டைப் பிரித்தாள். விமானத்தை உளிக்குப் பக்கத்தில் வைத்து, தொங்குகிற இறக்கை வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால் மறைகிற மாதிரித் திருப்பி, செவ்வந்திச் சரத்தை மேலே படரவிட்டாள். பார்க்க அழகாகக்கூட இருந்தது. பூஜை முடியட்டும், மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். தனியாகச் சொல்வதற்கு அவனோடு தனியாக நிற்க யார் விடப் போகிறார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நல்லம்மாள் சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்து வந்தாள். உளிக்கு ஒரு பொட்டு, வாளிக்கு ஒரு பொட்டு, சாவிக்கு, டுவீசருக்கு. பிறகு விமானத்தைக் கையில் எடுத்தாள்.

"அதுக்கு வேணாம்மா!"

"ஏன் வேணாம்? ஒங்கையால செஞ்சதுதான? சண்டைக்குப் போற பிளேனு வேற. ஆயுத பூஜைக்கு இத விட என்ன வேணும்?"

நல்லம்மாள் விமானத்தை முகத்துக்கு நேரே பிடித்துச் சற்று நேரம் பார்த்தாள். அம்மா மூக்கு நுனியில் சின்னதாகச் சந்தனம் இட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். எடுத்த மாதிரியே, பழச்சீப்புக்குப் பின்னால் இறக்கை போகும்படி, திரும்ப வைத்தாள். அம்மா கவனிக்கவில்லை என்று லீலாவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரவாங் டேக்சி வாசலில் வந்து நின்றபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தார்கள். அன்னம்மா புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து இறங்கினாள். அந்த அம்மாளும் ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். ரவாங்கில் கல்வீடு கட்டிக் குடிபோன பிறகு அதை ஞாபகப்படுத்துகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "தோட்டத்துப் பொண்ணுங்க நல்லவங்கதான், ஆனா ஒரு பொறுப்பு இருக்காது" என்று நிச்சயத்தன்றே சொன்னவள். அதற்கு உமாபதி சொன்ன பதில் லீலாவதியின் காதுக்கும் வந்து சேர்ந்தது. 'லீலா கை மாதிரி பொறுப்பான கை எங்க பிளேன் ஹேங்கர்லயே இல்லம்மா.' அந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாள்!

"வாங்க சம்பந்தி, வாங்க மாப்ள" என்று ஐயாவு துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

உமாபதியின் கண் நேரே சாமிப் பலகைக்குத்தான் போனது. பூவுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த விமானத்தின் மூக்கைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தான். "முடிச்சிட்டியா லீலா! அடேயப்பா, பொட்டெல்லாம் வெச்சு!"

"பூஜ முடியட்டும் தம்பி, அப்பறமா எடுத்துக்குங்க" என்றாள் நல்லம்மாள்.

அவள் கையில் இருந்த பித்தளைத் தட்டு பளபளவென்று மின்னியது. லீலாவதி பெரிய மனுஷியான வருஷம் வாங்கிக் கட்டி வைத்த தட்டு. 'இதுலதான் ஒன் கல்யாணத்துக்கு ஆரத்தி எடுப்பேன்' என்று சொல்லிச் சொல்லியே அதை யாரையும் தொட விடமாட்டாள். சம்பந்தி வருகிற நாளாயிற்றே என்று இன்று முதன்முதலாக வெளியே எடுத்திருந்தாள்.

சூடம் எரிந்தது. நல்லம்மாள் தட்டைச் சாமி படத்துக்குச் சுற்றினாள், பிறகு கீழே இறக்கி உளிக்கும் வாளிக்கும் விமானத்துக்கும் சேர்த்துச் சுற்றினாள். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விபூதி பூசிக்கொண்ட கையோடு உமாபதி குனிந்து, பூச்சரத்தை விலக்கி, இரண்டு கையாலும் விமானத்தைத் தூக்கினான்.

இறக்கை தொங்கியது.

அன்னம்மாதான் முதலில் பேசினாள்.

"ஐயய்யோ! சூடம் பட்டு உருகிப்போச்சே!"

"என்னாது?" என்று ஐயாவு எட்டிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக் சாமானத்துக்கு முன்னால யாராச்சும் சூடத்தக் காட்டுவாங்களா? எம்புள்ள பினாங்குல தேடி வாங்கினது. கிட்டக் கொண்டு போனீங்க பாருங்க சம்பந்தி, நான் அப்பவே நெனச்சேன்."

ஐயாவு நல்ல மனிதர்தான். ஆனால் நாலு பேர் முன்னால் மனைவியை அதட்டினால்தான் மரியாதை என்று நினைக்கிற ரகம். "ஒனக்கு அறிவு இருக்காடி? அது என்ன ஒன் உளியா, வாளியா? பாத்து சுத்தக் கூடாது? புள்ள எத்தன மாசமா ராப்பகலா ஒக்காந்து செஞ்சது!"

லீலாவதி வாயைத் திறந்தாள். 'அம்மா இல்லப்பா, நான்தான்.' மூன்றே வார்த்தை. அது தொண்டை வரை வந்தது. அப்போது அன்னம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்து, முதன்முதலாக, பாசமாகச் சொன்னாள்: "பாவம் பொண்ணு. எவ்ளோ பொறுப்பா செஞ்சிருக்கு."

திறந்த வாய் மூடிக்கொண்டது. அந்த மூன்று வார்த்தையும் உள்ளே போய்விட்டது.

நல்லம்மாள் கையில் தட்டோடு அப்படியே நின்றாள். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒருமுறை மகளைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆமா. எங்கையிதான் கொஞ்சம் கிட்ட போயிருச்சு."

அதோடு விட்டாளா? உமாபதிக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினாள். "தம்பி, தெரியாத்தனமா செஞ்சிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"ஐயோ அத்த, என்ன இது, கைய எறக்குங்க! பரவால்ல லா, இது வெறும் பொம்மதானே" என்று உமாபதி பதறினான்.

மகன் வயசுப் பிள்ளையை அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறாள். லீலாவதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் காதுவரை கொதித்தது. எங்கேயாவது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. வெட்கம் என்றால் இதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளை பெயரைச் சொல்லித் தோழிகள் கேலி செய்யும்போது வருகிற வெட்கம்தான். இது வேறு. சோற்றை வாயில் வைத்தால் குமட்டுகிற மாதிரியான வெட்கம்.

நிஜமாகவே சாப்பாடு இறங்கவில்லை. பரிமாறுகிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தாள். உமாபதி இலையில் கை வைத்தபடி, பக்கத்துப் பெஞ்சில் வைத்திருந்த விமானத்தை அடிக்கடி பார்த்தான். ஏதோ கணக்குப் போடுகிற பார்வை.

"கரி புடிக்கலியே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"என்னா தம்பி?" என்றார் ஐயாவு.

"ஒண்ணுமில்ல மாமா. சூடம் பட்டிருந்தா வர்ணம் கறுத்திருக்கும்னு பாத்தேன்."

லீலாவதி அவசரமாக அவன் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அவர் வர வேண்டும்? முன்வாசலில் கார்த்திகேசு மாமா தலை தெரிந்தது. பூஜைப் பொரி வாங்கிப் போக வந்திருக்கிறார். பெரிய குரல். "என்னா ஐயாவு, மாப்ள வந்தாச்சா? எங்க நம்ம பிளேனு? நேத்து சாயங்காலம் இந்த லீலாப் பொண்ணு..."

"கார்த்திகேசண்ணே!" என்று நல்லம்மாள் அடுப்படியிலிருந்து கிட்டத்தட்டப் பாய்ந்து வந்தாள். "பின்னால வாங்க, பொரி பின்னால வெச்சிருக்கேன். இங்க எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"இருக்கட்டுமேம்மா, நான் ஒரு வார்த்த..."

"பின்னால வாங்கண்ணே!"

அம்மா அப்படிக் குரலை உயர்த்தி லீலாவதி கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. பேசாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் அங்கே குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. அதன் பிறகு அவர் முன்பக்கம் வரவே இல்லை.

தப்பித்தோம் என்றுதான் முதலில் லீலாவதி நினைத்தாள். அடுத்த நொடியே அது உறைத்தது. அம்மா ஏன் அவரைத் தடுத்தாள்? பொரிக் கூடை முன்னறையில், சாமிப் பலகைக்குக் கீழேதானே இருக்கிறது?

கை கழுவியதும் நாள் பேசினார்கள். தை மாசத்தில் ஒரு முகூர்த்தம் அன்னம்மாவே பார்த்து வைத்திருந்தாள். ரவாங்கில் மண்டபம். ஐயாவு எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். வெற்றிலை பாக்கு மாற்றுகிற நேரத்தில் அன்னம்மா குரலைத் தணித்து, ரொம்ப மரியாதையாக ஒன்று சொன்னாள்.

"சம்பந்தி தப்பா எடுத்துக்கக் கூடாது. கல்யாணத்தன்னிக்கு ஆரத்தி, குத்துவெளக்கு, சூடம், இந்த நெருப்பு வேல எதையும் நீங்க தொட வேணாம். எங்க பக்கத்துப் பொம்பளைங்க பாத்துக்குவாங்க. பட்டுப்பொடவ, பந்தலு, ஜனங்க கூட்டம். இன்னிக்கி ஒரு பொம்மையோட போச்சு."

"அம்மா!" என்றான் உமாபதி.

"நீ சும்மா இருடா. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஐயாவு தரையைப் பார்த்தார். மனைவியை அதட்டத் தெரிந்த மனிதருக்கு இப்போது அவளுக்காக ஒரு வார்த்தை பேச வரவில்லை.

"சரிங்க சம்பந்தி" என்றாள் நல்லம்மாள். "நீங்க சொல்றபடியே ஆவட்டும்."

லீலாவதிக்கு இது கடைசி வாய்ப்பு. அவளுக்கே அது தெரிந்தது. இப்போதாவது சொல்லு என்று உள்ளே ஒன்று உலுக்கியது. அவள் தலை குனிந்து, வெற்றிலைத் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அதைப் பெண்ணின் நாணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

புறப்படும்போது உமாபதி விமானத்தைப் பெட்டியில் வைத்துத் தானே எடுத்துக்கொண்டான். "எறக்க வளஞ்சாலும் நீ செஞ்சது. ஷோகேஸ்ல வெப்பேன்" என்றான். மூடியைச் சாத்தப் போனவன் நிறுத்தி, மூக்கைப் பெட்டிக்கு அருகே கொண்டுபோனான். "பெயிண்ட் வாசன இல்லியே. இது என்னா வாசன லீலா?"

"தெரியல" என்றாள்.

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டேக்சி லயத்தைத் தாண்டித் திரும்பியது.

பின்கட்டில் நல்லம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்க, பித்தளைத் தட்டை மட்டும் முதலில் கழுவித் துடைத்திருந்தாள். பழைய பேப்பரை விரித்து அதில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அதச் சுத்துறீங்க?"

"இனிமே இதுக்கு என்னா வேல? பரண்ல போட்டுரு."

லீலாவதி தட்டை வாங்கவில்லை. ஈரத்தரையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம்மா. எறக்கைய நீங்க உருக்கல. நான் நேத்து..."

"தெரியும்."

"கார்த்திகேசு மாமா சொன்னாரா?"

"அவரு சொல்லித்தான் தெரியணுமா? பொட்டு வெக்க எடுத்தேன்ல, அப்பவே புகக்கூடம் வாசம் மூக்குல ஏறிச்சு. எறக்க வளஞ்சு கெடந்ததையுந்தான் பாத்தேன். நீ பழத்துக்குப் பின்னால மறச்சு வெச்சிருந்த. எடுத்த மாதிரியே வெச்சேன்."

லீலாவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்பறம் ஏம்மா நீங்க ஏத்துக்கிட்டீங்க? எனக்காகவா?"

நல்லம்மாள் பேப்பர் முனையை மடித்துச் செருகினாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"மொதல்ல ஒனக்காகத்தான் சொன்னேன். திடீர்னு ஒனக்கு வாய் வராதுன்னு. அப்பறம், நீயே சொல்லிருவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கும்புட்டப்ப பாத்தேன். அந்தம்மா ஆரத்தி வேணாம்னு சொன்னப்பவும் ஒன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

அவ்வளவுதான். சோற்றுச் சட்டியை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

'நான் குனிந்துகொண்டிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.' லீலாவதிக்கு அது மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடியது. அம்மா எதிர்பார்த்த தைரியம் அவளிடம் இல்லை. பெற்றவளுக்கு அது தெரிந்துபோய்விட்டது. இனி எத்தனை நட்சத்திரம் எழுதினாலும் தன் கையைப் பார்த்து லீலாவதி பெருமைப்பட முடியாது.

"லீலாப் பொண்ணு!" வேலிக்கு அந்தப் பக்கம் கார்த்திகேசு மாமா மூச்சு வாங்க நின்றார். சைக்கிளை அவசரமாக மிதித்து வந்திருக்கிறார். "ஒங்க மாப்ள டேக்சிய நம்ம புகக்கூடத்து ஸ்டோருகிட்ட நிறுத்திட்டாரு. பெட்டிய ஒரு தடவ மோந்து பாக்குறாரு, புகக்கூடத்த ஒரு தடவ மோந்து பாக்குறாரு. எங்கிட்டக் கேட்டாரு. நான் ஒண்ணுஞ் சொல்லல, ஒங்கம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. என்னா பண்றது?"

லீலாவதி எழுந்தாள். நல்லம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சட்டியைத் தேய்க்கிற சத்தம் மட்டும் நின்றது.

"சைக்கிளக் குடுங்க மாமா."

கட்டியிருந்த பட்டுப்புடவையோடு அவள் சைக்கிளில் ஏறியதை லயமே பார்த்தது. பார்க்கட்டும். சேறு முழங்கால்வரை தெறித்தது.

புகைக்கூடத்து வாசலில் டேக்சி நின்றிருந்தது. அன்னம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கார் பக்கத்தில் நின்றாள். உமாபதி கையில் பெட்டி திறந்திருந்தது. லீலாவதியைக் கண்டதும் அவன் முன்னால் வந்தான்.

"லீலா, நம்ம பிளேன் இங்க வந்துச்சா?"

அவன் குரலில் கோபம் இல்லை. 'இல்லை' என்று அவள் சொன்னால் நம்பிவிடுகிற குரல்.

"வந்துச்சு" என்றாள். "மழையில பெயிண்ட் காயல. நான்தான் கொண்டாந்து வெச்சேன். தள்ளி வெய்யின்னு மாமா சொன்னாரு, நான் கேக்கல. காலையிலயே வளஞ்சு போச்சு. எங்கம்மா சூடங் காட்டுறதுக்கு முன்னாலயே."

அன்னம்மாவின் முந்தானை மூக்கிலிருந்து இறங்கியது. "அப்ப எல்லாரும் ஒங்கம்மாவத் திட்டினப்ப நீ பாத்துக்கிட்டா நின்ன?"

"ஆமா அத்த. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கை எடுத்தவள், கை முழுக்கச் சேறாக இருப்பதைப் பார்த்து அப்படியே இறக்கிக்கொண்டாள். உமாபதி அவளைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளை அன்னம்மாவின் கேள்வியைவிட அதிகமாகச் சுட்டது.

"இங்க சொன்னது பத்தாது அத்த" என்றாள். "எல்லார் முன்னாலயும் எங்கம்மாவக் கும்புட வெச்சேன். எல்லார் முன்னாலயும்தான் சொல்லணும். ஒங்களுக்கு நான் வேணாம்னு தோணுச்சுன்னா, அதையும் அங்க வெச்சே சொல்லிருங்க. நான் ஏத்துக்குறேன். ஒரு தடவ வீட்டுக்குத் திரும்பி வாங்க."

உமாபதி பெட்டியை மூடினான். அம்மாவைப் பார்த்தான்.

அன்னம்மா லயம் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள், ரவாங்குக்குப் போகிற மெயின் ரோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உமாபதியும் பெட்டியோடு ஏறினான்.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டுத் தலையைத் திருப்பினான்.

"எந்தப் பக்கம்மா போறது?"

லீலாவதி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக நின்றாள்.